தோன்றா எழுவாய்

ஒன்பதாம் எண் காந்தத்தைக் காணவில்லை.
பெஞ்சுக்கு அடியில் தேடினார்கள்.
ஸ்டைனுன் தன் காலணிக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தாள்.
கடைசியில் பயிற்சியாளர் ஆஸ்கெல்
சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்தார்:
உப்பிட்ட அதிமதுரம், கன்னங்கரேல்.
எச்சில் தொட்டுப் பலகையில் ஒட்டினார்.
'இதுதான் பெனெதித்தா.
இவளை விடாதே.'

வெளியே ரெய்க்யாவிக்கின் ஜூன்.
இரவு எட்டே முக்காலுக்கும் போக மனமில்லாத வெளிச்சம்.
மழை மேலிருந்து பெய்யவில்லை,
பக்கவாட்டில் வந்தது.

நான்கு, மூன்று, மூன்று என நின்றது போர்ச்சுகல்.
நின்றது என்பதெல்லாம் காகிதத்துக்கு.
விசில் ஊதிய மூன்றாம் நிமிடம்
முன்வரிசை நடுவில் இருக்கவேண்டியவள்
அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டவள்போல்
திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

ஸ்டைனுனுக்கு எதிரே யாருமில்லை.
பதினோரு வருஷம் முட்டிப் பழகிய தோள்
முட்ட ஆளில்லாமல் நனைந்தது.
வாரநாட்களில் அவள் குதிரை வைத்தியர்.
உதைக்கப்போகும் காலை
அரைக்கணம் முன்பே அறிவாள்.
உதைக்க வராத காலை
என்ன செய்ய?

பின்னால் போனால் முதுகுக்குப் பின் குழி.
நின்றால் அங்கே அவளுக்கு அவகாசம்:
பந்தை உள்ளங்காலில் உருட்டியபடி
சந்தையில் மீன் பார்ப்பவள்போல்
இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பார்க்கிறாள்,
செவுளைத் தூக்கிப் பார்க்காத குறை.

'போ!' என்றாள் சோல்வெய்க்.
'நில்!' என்றாள் கோல்கீப்பர்.
இரண்டும் ஒரே காற்றில் வந்து சேர்ந்தன.

முப்பது நிமிடம் நின்றாள்.
முப்பத்தோராம் நிமிடம்
போனாள்.

பதினோரு எட்டு.
பிறகு வீடியோவில் எண்ணிப் பார்த்திருக்கிறாள்,
ஒவ்வொரு முறையும் பதினோரு எட்டுதான்.

நடுக்களத்திலிருந்து பந்து வந்தது.
பெனெதித்தா காலை அகட்டினாள்.
அவ்வளவுதான்.
தொடவில்லை.
பந்து இவள் கால்களுக்கு இடையே நுழைந்து
அவளைக் கடந்து
அவள் இருந்திருக்கவேண்டிய இடத்துக்குப் போனது.
அதுவரை ஓரக்கோட்டைக்
காவல் காப்பதுபோல் நின்ற இரண்டு விங்கர்களும்
கதவு சாத்துவதுபோல் உள்ளே வந்தார்கள்,
இடமிருந்து ஒருத்தி, வலமிருந்து ஒருத்தி.
யார் சாத்தியது என்று
வலைக்கு மட்டும் தெரியும்.

எங்கள் இலக்கணத்தில் இதற்குப் பெயருண்டு, ஸ்டைனுன்.
'வந்தாள்' என்போம்.
வந்தவளை வாக்கியத்தில் தேடினால் கிடைக்கமாட்டாள்.
வினையின் வாலில் உட்கார்ந்திருப்பாள்.

ஒலிபெருக்கி கோல் அடித்தவளைச் சொன்னது.
கொடுத்தவளைச் சொன்னது.
ஒன்பதைச் சொல்லவில்லை.

இடைவேளையில்
பலகையில் மிட்டாய் இல்லை.
'யார்?' என்றார் ஆஸ்கெல்.
இருபத்துமூன்று பேரும் காலுறையைச் சரிசெய்தார்கள்.
தின்றாயிற்று.
ஒட்டியிருந்த இடத்தில்
பிசுபிசுத்த ஈரத் தடம் மட்டும்.
அதையே பார்த்துக்கொண்டு நின்றவர்
கொஞ்சம் கழித்து, ஏறக்குறைய கோபமாக,
'சரி, அங்கே எவளுமில்லை.
ஸ்டைனுன், நீ யாரையும் பிடிக்கவேண்டாம்.
ராக்னா பார்த்துக்கொள்வாள்' என்றார்.

பிடிக்க ஆளில்லாதவள்
பந்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.
முதலில் கூச்சமாக,
அடுத்தவர் வீட்டுக்குள் நுழைபவள்போல்.
நடுக்கோடு தாண்டியும் யாரும் வரவில்லை.
'போ!' 'நில்!'
இப்போது போர்ச்சுகீசிய மொழியில்.
அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை,
எல்லாம் புரிந்தது.

எழுபத்தெட்டாம் நிமிடம்
குறுக்குக் கம்பம் அதிர்ந்தது.
மழைத்துளிகள் வரிசையாக உதிர்ந்தன.
பந்து மட்டும் திரும்பிவிட்டது.

பூஜ்ஜியம், ஒன்று.

முடிந்ததும் பெனெதித்தா கைகுலுக்க வந்தாள்,
இந்தமுறை நேராக.
ஏதோ சொன்னாள், காற்று கொண்டுபோனது.
ஸ்டைனுன் சிரித்தாள்.
பல்லெல்லாம்
கறுப்பு.